சொல்தாவின் பாட்டில்

போன வாரம் மகன் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவந்து வாசலில் நிறுத்தினான். உருண்டை விளக்கு, முட்டை மாதிரி பெட்ரோல் டேங்க், தட்டையான நீளச் சீட்டு. எங்கேயோ ஏலத்தில் எடுத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, எதற்குடா இந்தப் பழசை வாங்கினாய் என்று கேட்டேன். "பழசில்லம்மா, ரெட்ரோ. நேரா ஷோரூம்ல இருந்து வருது" என்றான். புதுசாகச் செய்து பழசு மாதிரி காட்டுவதற்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு விலை. நாங்கள் பழசை வாங்கிப் பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரி காட்டப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இதையெல்லாம் சொன்னால் கிழவி ஆரம்பித்துவிட்டாள் என்பார்கள். எனக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

ஊருக்குள் சுற்ற ஒரு சின்ன வண்டி போதுமாம், சிங்கிள் சிலிண்டராம். ஒரு ரவுண்டு போகலாம் ஏறு என்றான். என் முட்டி இருக்கிற நிலைமைக்கு நான் ஆட்டோவில் ஏறுவதே பெரிய விஷயம். சும்மா ஸ்டார்ட் பண்ணிக் காட்டு போதும் என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய்க் குனிந்து மூக்கை வைத்தேன். "இன்னாமா, மோந்து பாக்கறே?" என்று சிரித்தான். ஒரு வாசனையும் இல்லை. வண்டி என்றால் ஒரு வாசனை வேண்டாமா?

எங்கள் அண்ணன் வைத்திருந்த வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டில் தெரிந்துவிடும். டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றவேண்டும். இரண்டும் சேர்ந்து எரிந்து நீலமாகப் புகை வரும். அந்தப் புகையின் மேல் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு தினமும் வில்லியனூரிலிருந்து ஏம்பலம் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். எழுபதுகளின் பின்பாதி. வேலைக்குப் போன புதிது. என் கைத்தறிப் புடவை அத்தனையிலும் அந்த வாசனை ஏறிவிட்டது. வெளுத்தாலும் போகாது. நான் வகுப்புக்குள் நுழையும் முன்பே பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள். என் மரியாதைக்கு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசனை முன்னாலேயே போய்விடுகிறது என்று அப்புறம்தான் புரிந்தது.

அப்பாவுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் கயிறு, சாக்கு, வாளி விற்கிற கடை. அண்ணன்தான் கடையைப் பார்த்துக்கொண்டது. ஏம்பலத்துக்கு பஸ் எப்போது வரும் என்பது அந்த டிரைவருக்கே தெரியாது. தங்கச்சி தினமும் ரோட்டில் நின்று கால் கடுக்கிறாளே என்றுதான் அண்ணன் வண்டி வாங்கியது. அப்படித்தான் வீட்டில் சொன்னது. கண்ணாடி முன் நின்று கிராப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்புவதைப் பார்த்தால் தங்கச்சிக்காக மட்டும் வாங்கிய மாதிரி தெரியவில்லை. போகட்டும், எனக்கு சவாரி கிடைத்தது.

வண்டியை விற்றவர் மாதா கோயில் பக்கத்தில் குடியிருந்த ஒரு சொல்தா. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் வேலை பார்த்து, அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். மகள் வீட்டோடு இருக்கப் பிரான்சுக்குப் போகிறார் என்று வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டியைக் கொடுக்கும்போது ஆயில் ஊற்றிவைத்திருந்த பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்தார். அவர் குடித்துத் தீர்த்த சீமை பிராந்தி பாட்டில். சதுரமாக, கனமாக, தங்க எழுத்தில் லேபிளோடு பார்க்க அவ்வளவு அழகு. லிட்டருக்கு இந்த மூடியால் இத்தனை மூடி என்று அண்ணனுக்கு அளவு சொல்லிக் கொடுத்தார். அண்ணன் எதிலும் ஒழுங்கு பார்க்கிற ஆள். அந்த மூடியை விட்டு வேறு மூடியால் அளக்காது, அந்தப் பாட்டிலை விட்டு வேறு எதிலும் ஆயில் வைக்காது. பங்க்கில் கலந்து கொடுப்பதையும் நம்பாது. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் பாட்டிலைத் துணி சுற்றி வைத்திருக்கும்.

எங்கள் பக்கம் இதில் ஒன்றும் அதிசயம் கிடையாது. மண்ணெண்ணெய், தேன், கஷாயம், எது வைப்பதென்றாலும் பிராந்தி பாட்டில்தான். குடிக்காதவர் வீட்டில் கூட நாலு இருக்கும். எங்கள் வீட்டில் சாமி விளக்குக்கு எண்ணெயே அதில்தான் இருந்தது. சாமியும் ஒன்றும் சொன்னதில்லை.

அண்ணனோ சோடா கூடக் குடிக்காது. மூக்கில் ஏறுகிறதாம்.

இந்த ஆளுக்குத்தான் சின்னம்மா ஒரு பெண் பார்த்துச் சொன்னாள். பாகூரைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலூரை ஒட்டின கிராமம். பெண் பெயர் வசந்தா. அவளுடைய அப்பா நெல் வியாபாரி, கறாரான மனிதர். அவருடைய கூடப்பிறந்த அண்ணன் குடித்தே குடும்பத்தைத் தெருவில் விட்டுப் போனவராம். அப்போது அவர்கள் பக்கம் மதுவிலக்கு, எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கடை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் கணக்கில் பாண்டிச்சேரிக்காரன் என்றாலே குடிகாரன். சின்னம்மாதான் அவர் காலில் விழாத குறையாகச் சொல்லிச் சம்மதிக்கவைத்தாள்.

பெண் பார்க்கப் பெரியவர்கள் எல்லோரும் பஸ்ஸில் போக, நானும் அண்ணனும் வண்டியில் போனோம். ஆற்றுப் பாலத்துப் பக்கம் இருந்த செக்போஸ்ட்டில் அன்றைக்குக் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். வசந்தா காபி கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல மாநிறம், சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துவிட்டு, "இதுல மூணு பேரு போலாமாக்கா?" என்று என் காதில் கேட்டாள். என்னை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை பாருங்கள். வழியில் அதை அண்ணனிடம் சொன்னேன்.  பாகூர் ஏரி வரைக்கும் அண்ணன் காது இரண்டும் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு சிரிப்பு. அதற்கப்புறம் தினமும் விடிந்ததும் வண்டியைத் துடைக்கிற சத்தத்தில்தான் நாங்கள் எழுந்தோம்.

தட்டு மாற்றிக்கொள்ளக் குறித்த நாளில் மறுபடி போனோம். அன்றைக்குச் செக்போஸ்ட்டில் புதுக் கான்ஸ்டபிள். வண்டியின் நம்பரைப் பார்த்தார், அண்ணனின் பட்டுக்கரை வேட்டியைப் பார்த்தார், பெட்டியைத் திறக்கச் சொன்னார். துணியைப் பிரித்ததும் தங்க எழுத்து பளபளத்தது. பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்து ஆட்டினார். ஆயிலும் அதே நிறம்தானே. திறந்து மோந்தார், விரலை விட்டுப் பார்த்தார், மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் மோந்து முடித்து, சிரித்து, இதற்கு ஒரு டப்பா கிடைக்கவில்லையா உனக்கு என்று கேட்டு அனுப்பிவைத்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. எதிரே டீக்கடையில் எங்களை அழைத்துப்போக வசந்தாவின் தாய்மாமன் சைக்கிளோடு காத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் மாப்பிள்ளையையும், போலீஸையும், வெயிலில் தூக்கிப் பிடித்த பாட்டிலையும்தான். மிச்சத்துக்கு அவர் நிற்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் பேச்சே இல்லை. எங்கள் அப்பாவும் சின்னம்மாவும் பெஞ்சில் என்ன ஏதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். வழியில் ஏதோ தகராறாமே என்று வசந்தாவின் அப்பா கேட்டார். தகராறு இல்லை மாமா, ஆயில் பாட்டிலைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள், அவ்வளவுதான் என்று அண்ணன் சொன்னது. சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஒழுங்கு பார்க்கிற ஆளாயிற்றே. இதோ காட்டுகிறேன் என்று எழுந்தது. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையை உதறிவிட்டுப் போய், அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து, வெற்றிலை பாக்கு பூ எல்லாம் வைத்திருந்த தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியது.

எங்கள் வீட்டில் அது ஒரு பாட்டில். அந்த வீட்டில் அது வேறு. உள்ளே பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அண்ணன் அதைக் கவனிக்கவே இல்லை. மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி அவர் முன்னால் நீட்டியது. அவர் விரலால் தொட்டு, மோந்து, துண்டில் துடைத்துக்கொண்டார்.

"எண்ணெதான் தம்பி, இல்லேன்னு சொல்லல. இதுல மொதல்ல இருந்தத யாரு குடிச்சது?"

"சொல்தா குடிச்சாரு, மாமா."

"சொல்தான்னா?"

அண்ணன் என்னைப் பார்த்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. ஆற்றைத் தாண்டினால் ஒரு ஆளுக்கும் தெரியவில்லை. அப்பா அவசரப்பட்டு, பட்டாளத்துக்காரர், பிரெஞ்சுப் பட்டாளம், நமக்கு வேண்டியவர் என்று சொன்னார். பட்டாளத்துக்காரர், சீமை பாட்டில், வேண்டியவர். இதற்கு அப்பா பேசாமலே இருந்திருக்கலாம். அவரைக் கூட்டிவந்து வேண்டுமானால் கேளுங்கள் என்று அண்ணன் சொன்னதற்கு, எங்கே இருக்கிறார் என்று தாய்மாமன் கேட்டார். போன மாதம் பிரான்சுக்குப் போய்விட்டார் என்றோம். யாரோ மெல்லச் சிரித்தார்கள். நானே அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வசந்தாவின் அப்பா கோபப்படவில்லை. நாள் பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு, "வரோங்கய்யா" என்றது. அதுவரை மாமா, அந்த நிமிஷத்திலிருந்து ஐயா. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

முகம் கழுவிக்கொள்கிறேன் என்று கொல்லைப்பக்கம் போனேன். கிணற்றடியில் வசந்தா நின்றுகொண்டிருந்தாள். தலையில் பூ வைத்து, அலங்காரமெல்லாம் முடித்து, கூடத்துக்குக் கூப்பிடாத பெண். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது எண்ணெதான்னு எனக்குத் தெரியும்க்கா. போன வாட்டி பக்கத்துல உக்காந்தப்ப உங்க பொடவையில அதே வாசன வந்துச்சி. நான் எங்கப்பாகிட்ட எப்படிக்கா சொல்லுவேன்?"

 எனக்கு அன்றைக்கு எல்லோர் மேலும் ஆத்திரம். கான்ஸ்டபிள் மேல், தாய்மாமன் மேல், பிரான்சில் உட்கார்ந்திருந்த சொல்தா மேல். எல்லோருக்கும் மேலாக அண்ணன் மேல். ஒரு டப்பா, ஒரு தகர டப்பா கிடைக்கவில்லையா ஊரில்?

திரும்பும்போது பாலத்தின் நடுவில் அண்ணன் வண்டியை நிறுத்தியது. ஆற்றில் தண்ணீர் இல்லை. பின்னால் திரும்பாமலே, உள்ளே போனாயே, எதாவது பேசினாளா என்று கேட்டது. நான் வசந்தா சொன்னதை அப்படியே சொன்னேன்.  "இன்னொரு வாட்டி சொல்லு" என்றது. சொன்னேன். அப்புறம் வண்டியை உதைத்துக் கிளப்பியது. 

யாரும் சொல்லி அனுப்பவில்லை. வசந்தாவை விருத்தாசலம் பக்கம் எங்கேயோ கொடுத்துவிட்டார்கள் என்று சின்னம்மா சொன்னாள். அந்த மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணனுக்கு எங்கள் பக்கமே, சுத்துக்கேணியில் பெண் எடுத்தோம். அங்கே சொல்தா என்றால் யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அண்ணி நல்லவள், இன்றைக்கும் எனக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருகிறவள். பாட்டிலை அம்மா கழுவி விளக்கெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டாள். நல்ல பாட்டிலை எறிய அவளுக்கு மனசு வராது. வண்டியை அண்ணன் இன்னும் சில வருஷம் ஓட்டிவிட்டு யாருக்கோ கொடுத்துவிட்டது.

இப்போது டூ ஸ்ட்ரோக் இல்லை, நீலப்புகை இல்லை. மாதா கோயில் பக்கம் சொல்தா வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் கடை வந்துவிட்டது. இரண்டு பக்கத்து மாப்பிள்ளைகளும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள். சரி, காலம் போகிறது, போகட்டும். எதையும் பிடித்து நிறுத்த எனக்குத் தெம்பில்லை.

அண்ணி தாய்வீட்டுக்குப் போயிருந்த நாளில் அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மழை வருமா வராதா என்றெல்லாம் பேசிவிட்டு, செருப்பைப் போடுகிற நேரத்தில், மறந்துபோன ஆள் மாதிரி கேட்கும். "அன்னிக்கு அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சி?" தலை நரைத்து, பேரன் எடுத்த பிறகும் கேட்டது. நானும் ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்வேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விடும். அண்ணன் இறந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவள் சொன்னது இன்னமும் எனக்கு அட்சரம் பிசகாமல் மனப்பாடம். கேட்கத்தான் ஆள் இல்லை.