ஜூஜூவாடியில் முடியாத விளையாட்டு

காலை ஏழு மணி, ஓசூர் பேருந்து நிலையம். பெங்களூர் என்று பலகை மாட்டிய வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நடத்துநர் வாயைத் திறக்கிறார்: “பார்டர் வரைக்கும்தாங்க. அந்தப் பக்கம் போவாது.” ஏறும்போதே சொன்னால் என்னவாம்? பலகையையாவது கழற்றித் தொலைக்கலாம். தண்ணீர்த் தகராறு மறுபடி கிளம்பிவிட்டது. நாளைக்குக் கர்நாடகத்தில் முழு அடைப்பு. வண்டிகள் இன்றைக்கே பயந்துவிட்டன.

என் மகள் கயல் அந்தப் பக்கம் இருக்கிறாள். ஐந்து வயது. எனக்குக் கம்பெனியில் இரவு ஷிப்ட் விழுகிற வாரமெல்லாம் அத்திப்பள்ளியில் குடியிருக்கும் என் அக்காவிடம் அவளை விட்டுவிடுவேன். நேற்று ராத்திரி அக்கா போனில், “ஏட்டி, எங்க தெருவுல ரெண்டு கடைக் கண்ணாடிய ஒடச்சிட்டானுவ. நாளைக்கு என்னாவுமோ. வந்து புள்ளயக் கூட்டிட்டுப் போயிரு” என்றாள். அதற்கப்புறம் விடியும்வரை என் கை எதை எதோடு பொருத்தியதோ, அந்த இயந்திரத்துக்குத்தான் வெளிச்சம். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. ஷிப்ட் முடிந்த கையோடு நான் கிளம்பிவிட்டேன்.

ஓசூரிலிருந்து ஜூஜூவாடி ஏழு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். மற்ற நாட்களில் இந்தச் சாலையில் ஒரு நொடி அமைதி கிடையாது. கம்பெனி பஸ்கள், கார்களைச் சுமந்து போகிற நீள லாரிகள், கழுத்தில் அடையாள அட்டை பறக்க பைக்கில் விரையும் பையன்கள். பத்து வருடமாக அந்த இரைச்சலைத் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு அது வராதா என்று ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தேன். ஓரங்கட்டிய லாரிகளின் நிழலில் ஓட்டுநர்கள் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜூஜூவாடியில் இறங்கினால் அத்திப்பள்ளிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோவோடு நின்றவரிடம் கேட்டேன்.

“நம்பர் பிளேட்டப் பாருங்கக்கா, டிஎன்னு. கண்ணாடி மிஞ்சாது. நடந்தே போயிடுங்க” என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தமிழு மட்டும் வேணாங்க்கா இன்னிக்கு. தெலுங்கு வருமா?” என்றார்.

“நான் சங்கரன்கோவில்காரி.”

“அய்யய்யோ. இதையாவது கத்துக்குங்க. ‘இண்டிகி போதுன்னாமு.’ வீட்டுக்குப் போறோம்னு அர்த்தம். தெலுங்குக்கு இன்னிக்கு யாருகூடவும் சண்டையில்ல” என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். பெயர் முனிராஜ். வீட்டில் தெலுங்கு, சவாரிக்குத் தமிழும் கன்னடமும். கொடுத்துவைத்த மனுஷன் என்று பொறாமைப்பட்டேன். அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே எல்லையைத் தாண்டினேன்.

ஒன்பது மணி. அக்கா வீட்டில் கயல் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அவளை என்ன சொல்லி நடத்திக் கூட்டிவருவது? “கயலு, ஒரு வெளையாட்டு. நான் சொல்லுத வரைக்கும் தமிழ் பேசக் கூடாது. பேசினா அவுட்டு” என்றேன்.

“கன்னடம் பேசலாமா?”

“அது பேசலாம்.”

அவளுக்கென்ன, அந்தத் தெருப் பிள்ளைகளோடு உருண்டு புரண்டதில் வந்த கன்னடம். எனக்குப் பத்து வருடத்தில் ‘தெரியாது’ என்று சொல்ல மட்டும்தான் தெரியும்.

கடைத்தெரு முனையில் கன்னடக் கொடி நிறத்தில் மஞ்சள் சிவப்புத் துண்டு போட்ட பையன்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் குறுக்கே வந்து, “எல்லிகே?” என்றான். எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறான். முனிராஜ் சொல்லிக்கொடுத்தது சமயத்துக்கு மறந்துபோனது. கயல்தான் கணீரென்று, “மனெகே!” என்றாள். வீட்டுக்கு. அந்தப் பையனின் முகம் இளகிவிட்டது. அவள் கன்னத்தைத் தட்டி வழிவிட்டான். என் தம்பி வயதுதான் இருக்கும்.

கையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக நடந்தோம். தமிழ்ப் பலகை கண்ணில் பட்டதும் அப்பாடா என்றிருந்தது. ஜூஜூவாடியில் இப்போது கறுப்புக்கொடியோடு ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. “எங்கம்மா, கொழந்தய வெச்சிக்கிட்டு நடந்தே வரீங்க?” என்று ஒரு தம்பி நல்லபடியாகத்தான் கேட்டான்.

கயல் முந்திக்கொண்டாள். “மனெகே!”

அதே குரல், அதே சிரிப்பு. இங்கே முகங்கள் இறுகின. “கன்னடமா? அங்க நம்மாளுங்கள அடிக்கிறானுங்க, இவங்க ஜாலியா வராங்க பாரு” என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் சுற்றிக்கொண்டார்கள்.

“எம் மவ தம்பி அவ! சங்கரன்கோவில்லா எங்க ஊரு!” என்று கத்தினேன்.

“அப்ப பாப்பாவ தமிழ்ல பேசச் சொல்லுங்க.”

கயல் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையாட்டினாள். அவுட்டாக மாட்டாளாம். “பேசுட்டி!” என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். என் முகத்தைப் பார்த்தவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

“நீ முடிஞ்சிட்டுன்னு சொல்லவே இல்லயேம்மா!”

தமிழைக் கேட்டதும் கூட்டம் சிரித்தது. ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். நான் வாங்கவில்லை. அந்தப் பக்கத்தைவிட இந்தப் பக்கம்தான் அதிகம் பயந்தேன். என் பேச்சையே அடையாள அட்டை மாதிரி எடுத்துக் காட்ட வைத்துவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது. எங்கள் ஊர் மட்டும் என்ன ஒழுங்கு? அங்கேயும் நிறுத்திக் கேட்பார்கள், எந்தத் தெரு என்று. கேள்விதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. எங்கே போய் உட்கார்ந்தாலும் பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

முனிராஜ்தான் ஆட்டோவில் எங்களை வீடுவரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் கயல் என் முந்தானையைப் பிடித்தபடியே வந்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அவள் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றாள்.

“என்னட்டி வேணும்?”

கிட்டே வந்து என் காதுக்குள் கேட்டாள்: “அம்மா, நம்ம வீட்ல தண்ணி எந்த பாஷைல கேக்கணும்?”

“எதுல வேணும்னாலும் கேளு, கண்ணு.”

அவள் நம்பவில்லை. போய் வாசல் கதவைச் சாத்தினாள். எக்கித் தாழ்ப்பாளையும் போட்டாள். அதற்கப்புறம்தான் தண்ணீர் கேட்டாள்.