சகலை வண்டியின் பல் கணக்கு

என் கலவை மெஷினை என் சகலையின் பிக்கப் இழுத்துக்கொண்டு மேடேறியதை நான் ரோட்டோரம் நனைந்தபடி நின்று பார்த்தேன். மெஷினின் டிரம்மில் சிவப்புப் பெயிண்டில் என் மகள் பெயர் எழுதியிருக்கிறது. அந்தப் பெயர் அவன் வண்டிக்குப் பின்னால் ஆடி ஆடி வளைவில் மறைந்தது.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு சரிவு நெடுக காட்டேஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். தளம் போடுகிற அன்றைக்கு கான்கிரீட் கலக்கும் மெஷினை பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது என் பொறுப்பு. வண்டியின் முதுகில் கான்கிரீட்டை மேலே தூக்குகிற லிப்ட் சாமான்கள், பின்னால் மெஷின். பாதி மேட்டில் என் வண்டி நின்றுவிட்டது. முதல் கியரில் போட்டு உறும உறும மிதித்தேன். கிளட்ச் தீய்ந்த வாடைதான் வந்தது. மேலே ஜல்லியும் மணலும் தயாராகக் கிடக்க, ஆட்கள் சாந்துச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாரலுக்கு ஒதுங்கி நின்றார்கள். இன்ஜினியர் பொறுமையில்லாமல் போனை எடுத்தார். அவர் கூப்பிட்டது யாரை? என் சகலையை. ஊரில் வேறு வண்டியே இல்லையா!

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். தென்காசியில் இருக்கிறான், நான் மேலகரம். அவனுக்கும் அதே தொழில், அதே மாதிரி மெஷின், அதே கம்பெனி பிக்கப். எனக்குப் பிறகுதான் வாங்கினான். வந்தான், என் மெஷினைக் கழற்றித் தன் வண்டியில் மாட்டினான். ஏறும் முன் என் தோளில் கை வைத்துச் சொன்னான்:

“ஒண்ணும் நெனைக்காதிய அண்ணாச்சி. நம்ம வண்டிதான, எது இழுத்தா என்ன?”

அவன் ஏளனமாகச் சிரித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்தக் கரிசனத்தைத்தான் தாங்க முடியவில்லை. சாயங்காலம் இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, அடுத்து பெரிய ஹால் தளம். ரெண்டு மெஷின் வேணும். ரெண்டு பேரும் வாங்க. யாரு மெஷின் மல்லுக்கட்டாம மேல வருதோ, மீதி காட்டேஜ் எல்லாத்தையும் அவுகளுக்கே குடுத்திருதேன். ஆளுங்கள நிறுத்திவச்சுக்கிட்டு என்னால முடியாது.”

போய்விடும். இந்தச் சரிவு முழுக்க எழும்பப் போகிற வேலை அவன் கைக்குப் போய்விடும். வேறு எவன் கைக்குப் போனாலும் ரெண்டு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். அவன் கைக்குப் போகக் கூடாது.

அவன் மேல் எனக்கு ஏன் இந்தக் காந்தல் என்று கேட்டால், கடையத்தில் எங்கள் மாமனார் வீட்டு முற்றத்துக்குத்தான் நீங்கள் வர வேண்டும். மாமனாருக்கு ஒரு வழக்கம். விருந்துக்கு எந்த மாப்பிள்ளை முதலில் வந்து இறங்குகிறானோ அவனைத் தன் வலது பக்கத்து இலையில் உட்கார வைத்துக்கொள்வார். மூத்தவன், இளையவன் என்ற பேச்சே கிடையாது. இளையவன் மாப்பிள்ளையாக வந்து சேரும்வரை வலது பக்கம் எப்போதும் எனக்குத்தான். அவன் பிக்கப் வாங்கிய பிறகு ரெண்டு மூன்று தடவை அந்த இலையில் அவன் உட்கார்ந்துவிட்டான். முற்றத்தில் அவன் புது வண்டி என் வண்டிக்குப் பக்கத்தில் பளபளவென்று நின்றதைப் பார்த்துவிட்டு, மறுவாரமே நான் என் வண்டிக்குப் பெரிய டயராக வாங்கிப் போட்டேன். அதன் பிறகு என் வண்டி அவனுடையதைவிட நாலு விரல்கடை உயரம். மாமனார்கூட, “என்ன மாப்ளே, வண்டி வளந்திருக்கு?” என்று கேட்டார். அன்றைக்கு நான் ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

சரி, ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின். அவன் வண்டி மட்டும் எப்படி இழுக்கிறது? கள்ளன் ஏதோ செய்திருக்கிறான் என்று நினைத்தேன். பின் அச்சில் இருக்கிற கிரவுன் பல்லை மாற்றியிருப்பான். இன்ஜினிலிருந்து வருகிற ஷாஃப்ட்டின் முனையில் சின்னப் பல் சக்கரம், பினியன். அது திருப்புகிற பெரிய பல் சக்கரம் கிரவுன். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுகிறது என்பதுதான் வண்டியின் ரேஷியோ. என் வண்டிக்கு அது ஐந்துக்குக் கொஞ்சம் குறைய என்று எனக்குத் தெரியும். அவனுடையது என்ன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையத்தில் விருந்து. சாப்பிட்டுவிட்டு ஆளாளுக்குப் பாயை விரித்து ஒரே குறட்டை. அவன் வண்டியில் சாவி தொங்கியது. நியூட்ரலில் போட்டேன், ஹேண்ட் பிரேக்கை விட்டேன், முன் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்தேன். ஜாக்கியை வைத்துப் பின்னால் ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கினேன். மகளின் பையிலிருந்து எடுத்து வந்த சாக்பீஸால் ஷாஃப்ட்டில் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மல்லாக்கப் படுத்து, கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி எண்ணினேன். சக்கரம் ஒரு சுற்று. ஷாஃப்ட் ரெண்டரைக்குக் கொஞ்சம் குறைய. அடப்பாவி! என்னுடையதில் பாதிதான். இதுதான் சங்கதியா?

அப்போது கொலுசுச் சத்தம் கேட்டது. கொழுந்தியாள் வாளியோடு நின்றாள்.

“அத்தான், எங்க வண்டிக்கடியில என்ன செய்யுதிய?”

“பூனைக்குட்டி ஒண்ணு உள்ள போச்சுட்டி. அதான் பாத்தேன்.”

“பூனைக்குட்டிக்கு ஜாக்கி எதுக்கு அத்தான்?”

நான் ஜாக்கியை இறக்க ஆரம்பித்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் முதுகு குலுங்கியது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை தென்காசியில் எனக்கு வாடிக்கையான மெக்கானிக்கிடம் போய் நின்றேன். அவர் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். “அண்ணாச்சி, எனக்கு ரெண்டரை ரேஷியோவுல கிரவுன் வேணும்” என்று ரகசியமாகச் சொன்னேன்.

“ரெண்டரையா? வே, அத மாட்டுனா வண்டி எம் பட்டறைய விட்டே வெளிய போவாது! ஷாஃப்ட் கூடச் சுத்தினாத்தான் இழுவ. கொறயச் சுத்தினா ஓட்டம். யாரு வே ஒமக்கு இந்தக் கணக்கச் சொன்னது?”

எண்ணிய விதத்தைச் சொன்னேன். யார் வண்டி என்று சொல்லவில்லை. அவர் பட்டறையே அதிரச் சிரித்தார். ஒரு சக்கரத்தைத் தரையில் விட்டுவிட்டு மற்றதை மட்டும் சுற்றினால், உள்ளே கிரவுன் பாதிச் சுற்றுதான் சுற்றுமாம். ரெண்டு சக்கரத்தையும் தூக்கிச் சேர்த்துச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் வந்த கணக்கை ரெண்டால் பெருக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தேன். ஐந்துக்குக் கொஞ்சம் குறைய. அதாவது அவனுக்கும் எனக்கும் ஒரே பல். அவன் ஒன்றுமே செய்யவில்லை.

“பொறவு எதுக்கு அண்ணாச்சி எனக்கு மட்டும் இழுக்கல?”

அவர் என் டயரைக் காலால் எத்தினார். “இந்தா நிக்குல்லா ஒசரமா, கொட்டாரம் கணக்கா! டயரு பெருசாச்சுன்னா இழுவ போச்சு. பழைய டயரப் போடும், மேட்டுல சிரிச்சுக்கிட்டே ஏறும்.”

பழைய டயரைப் போடலாம். சுலபமான வழி. ஆனால் போட்டால் என் வண்டி நாலு விரல்கடை இறங்கிவிடும். கடையத்து முற்றத்தில் அவன் வண்டிக்குச் சமமாக நிற்கும். மாமனார் பார்ப்பார். அவன் பார்ப்பான். பூனைக்குட்டிக் கதையைக் கேட்ட கொழுந்தியாளும் பார்ப்பாள். நான் தலைகீழாக நின்றாலும் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

“டயரு இருக்கட்டும். கிரவுன மாத்தும்” என்றேன்.

“மாத்துதேன். எட்டுக்கு முப்பத்தொம்பது பல் இருக்கு, எட்டுக்கு நாப்பத்து மூணு போடுதேன். நல்லா இழுக்கும். ஆனா ஒண்ணு வே, சமரோட்டுல இப்ப ஓடுத ஓட்டம் ஓடாது. இன்ஜின் கத்தும், வண்டி வராது. பொறவு எங்கிட்ட வந்து நிக்கப்படாது.”

சமரோட்டில் எனக்கு என்ன வேலை! எனக்குக் கண்ணில் தெரிந்ததெல்லாம் ஐந்தருவி மேடு மட்டும்தான்.

பெரிய ஹால் தளத்தன்று சாரல் விட்டுவிட்டுத் தூறியது. மேட்டின் அடியில் அவன் வண்டி எனக்கு முன்பே நின்றது. பார்த்ததும் திடுக்கிட்டேன். அவன் வண்டி வளர்ந்திருந்தது. புத்தம் புதிய பெரிய டயர், என்னுடையதைப் போலவே, பார்க்கப் போனால் அதைவிட ஒரு நூல் கூடுதல். பாவி மனுஷன், இத்தனை நாளும் அந்த நாலு விரல்கடையை அவனும் அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த டயரில் மேடு ஏறாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“நீ முன்ன போ” என்றேன் பெருந்தன்மையாக.

போனான். நான் நின்ற அதே இடத்தில் நின்றான். அதே உறுமல், அதே தீய்ந்த வாடை. மேலேயிருந்து இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். நான் என் மெஷினோடு அவனைத் தாண்டி மேலே போனேன். வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தேன். மெஷினை மேலே கழற்றிவிட்டு, காலி வண்டியோடு கீழே வந்து, அவன் மெஷினை மாட்டினேன். அவன் தோளில் கை வைத்தேன்.

“ஒண்ணும் நெனைக்காத தம்பி. நம்ம வண்டிதான, எது இழுத்தா என்ன?”

அவன் காது சிவந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தலையை ஆட்டினான். எத்தனை ருசியான சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன், அந்தச் சிவப்புக்கு ஈடாகாது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான்: “அண்ணாச்சி வண்டியில என்ன செஞ்சிய?”

“நான் என்னத்தச் செய்தேன்? வண்டி ராசி அப்படி.”

இன்ஜினியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மீதி வேலை எல்லாம் எனக்கு. அந்த வாரம் நான் நடந்த நடையைப் பார்த்துவிட்டு என் மனைவி, “என்ன, தரையில கால் பாவ மாட்டேங்கு?” என்று கேட்டாள்.

வந்த ஞாயிறு மறுபடியும் கடையத்தில் விருந்து. மனைவியையும் மகளையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மேடு கிடையாது, நல்ல சமரோடு. வண்டியோ கத்துகிறது, காதைப் பிளக்கிறது, வேகம் மட்டும் ஏறவில்லை. மினி பஸ் தாண்டிப் போனது. ஒரு பால்காரர் மோட்டார் சைக்கிளில் கேன்களோடு தாண்டிப் போனார். பிறகு பின்னால் ஒரு ஹாரன். தெரிந்த ஹாரன். பெரிய டயரும் பழைய பல்லும் சேர்ந்தால் சமரோட்டில் வண்டி பறக்கும். அவன் பறந்தான். கொழுந்தியாள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள்.

“அவுக வண்டி என்னா போக்கு போகுது!” என்றாள் என் மனைவி. “நீங்க கொஞ்சம் மிதிக்கப்படாதா?”

மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். பெடல் தரையைத் தொட்டுவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இலை போட்டிருந்தார்கள். மாமனாருக்கு வலது பக்கத்தில் அவன்.

“வாங்க அண்ணாச்சி” என்று எழுந்து நின்றான். பிறகு மாமனாரிடம் திரும்பினான். “அண்ணாச்சி வண்டி மாதிரி இழுக்க இந்த ஜில்லாவுலயே ஆள் கிடையாது மாமா. என்ன, வந்து சேரத்தான் கொஞ்சம் நேரமாவும்.”

மாமனார் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். கொழுந்தியாள் சிரித்தாள். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியதே! சரிவு முழுக்க வேலையை வாங்கி வைத்திருக்கிறேன், ஒருத்தருக்கும் அது ஞாபகமில்லை. என் இலை கடைசியில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். பாயசம் வந்தது. வேண்டாம் என்றேன்.

சாப்பிட்டு எல்லாரும் படுத்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்கே மெக்கானிக்கிடம் போய் நிற்பதா, அவர் தெருவுக்கே கேட்கும்படி சிரிப்பாரே என்று புரண்டுகொண்டிருந்தேன். பக்கத்துப் பாய் காலியாக இருந்தது. எழுந்து வாசலுக்குப் போனேன்.

என் வண்டிக்கு அடியிலிருந்து ரெண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவன் கால்கள். முன் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்திருந்தது. என் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு மெல்லச் சுற்றியது. “ஒண்ணு… ரெண்டு…” என்று அவன் முணுமுணுப்பது கேட்டது.

குனிந்து பார்த்தேன். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும்தான் தூக்கியிருந்தான்.

நான் சத்தம் காட்டாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.