முன் வரிசையில் ஒரு கர்ச்சீப்

பிலோமினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பெட்டியின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நம் பெட்டி என்பது விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிற பெண்கள் ஏறும் பாசஞ்சர் ரயில் பெட்டி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில், நெஞ்சுவலி, விடியற்காலையில் என்று எங்களோடு பயணம் செய்யும் கோமதி எழுதியிருந்தாள். அப்போது என் போனில் கனடா காலேஜ் பெண்களின் கூடைப்பந்து மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ‘நம்ம பொண்ணுங்க முன்னால இருக்காங்கக்கா’ என்று அக்காவுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் விரல் நின்றுவிட்டது. அழுதேன். அழுதுகொண்டே ஸ்கோரையும் பார்த்தேன். அக்கா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

திண்டிவனத்தில், நிலக்கடலை மூட்டைகள் வந்திறங்கும் ஒரு மல்லாட்டை மண்டியில் அவருக்கு வேலை. எந்த ஊர் மூட்டை, யாருடைய மூட்டை என்று கூவிச் சொல்ல வேண்டும். அந்தக் குரலை ரயிலிலும் அவர் குறைத்ததில்லை. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் கம்பி வழியாகக் கர்ச்சீப்புகளை வீசி இடம் பிடிப்பார். பையில் எப்போதும் துவைத்து மடித்த கர்ச்சீப்புகள் இருக்கும். இடம் பிடிப்பது ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் எல்லாரும் தனக்குப் பிடிப்பார்கள். அக்கா யாருக்கென்றே தெரியாமல் பிடிப்பார். கடைசியாக ஓடிவந்து ஏறுகிறவளைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். நான் பெட்டிக்குப் புதிதாக வந்த நாளில் எனக்கு இடம் கிடைத்ததும் அப்படித்தான். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். “ஓடியாறவளுக்கு எடம் இருக்குதுன்னு தெரிஞ்சா கால் தன்னால வேகமா வரும்டி” என்றார். நான் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். எதையும் உடனே நம்புகிற பழக்கம் இல்லை. ஆனாலும் உட்கார்ந்துகொண்டேன்.

கனடா கூடைப்பந்து எங்கள் பெட்டிக்குள் வந்தது ஒரு மார்கழிச் சனிக்கிழமை. அக்காவின் சித்தி மகள் அங்கே இருக்கிறாள். அவள் போகிற சர்ச்சின் நேரலையைத் தேடப்போய், அக்கா வேறு எதையோ அழுத்திவிட்டார். ஜெபம் வரவேண்டிய இடத்தில் பச்சை பனியன் போட்ட பெண்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி. கேலரியில் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. அக்காவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“என்னாடி இது, இவ்ளோ பெரிய ஹாலு, ஆளே காணோம்? கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கலியா?”

கூகுளைப் பார்த்துச் சொன்னேன். கனடாவில் காலேஜ் கூடைப்பந்தை அவ்வளவாக யாரும் பார்ப்பதில்லையாம். பக்கத்து நாடான அமெரிக்காவில் இதே ஆட்டத்துக்குக் கூட்டம் அள்ளுமாம். கனடாக்காரர்களும் தங்கள் ஊர்ப் பெண்களை விட்டுவிட்டு அதைத்தான் டிவியில் பார்ப்பார்களாம்.

“அடுத்த வூட்டு விருந்தை ஜன்னல் வழியா பாத்துக்கினு இருக்காங்களா? அப்ப இந்தப் பொண்ணுங்களுக்கு யாருடி?” என்றார். பிறகு அவரே பதிலும் சொன்னார். “நாமதான். வேற யாரு?”

அன்றிலிருந்து அது ‘நம்ம காலேஜ்’ ஆயிற்று. அதன் உண்மையான பெயரை அக்கா கடைசிவரை சரியாகச் சொன்னதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுக்கு வெள்ளி, சனி சாயங்காலம் என்பது நமக்குச் சனி, ஞாயிறு காலை. பால் பாக்கெட் வருகிற நேரத்தில் ஆட்டம் தொடங்கும். சனிக்கிழமைகளில் நாங்கள் ரயில் ஏறும்போது பாதி ஆட்டம் மிச்சமிருக்கும். ஏழாம் நம்பர் போட்ட பெண் இரட்டைச் சடை பின்னியிருப்பாள். அவளுக்கு ரெட்டைஜடை என்றே பெயர் வைத்தோம். பேரணி ஸ்டேஷன் பக்கம் வந்தால் சிக்னல் போய்விடும். படம் உறைந்து நின்றதும் அக்கா விடமாட்டார், தானே ஆட்டத்தை நடத்துவார். “ரெட்டைஜடை பந்தை வாங்கிட்டா… ஒருத்திய ஏமாத்திட்டா… போட்டுட்டா!” மொத்தப் பெட்டியும் கை தட்டும். மயிலம் வந்து சிக்னல் திரும்பினால் நம்ம காலேஜ் வழக்கம்போல் பின்தங்கியிருக்கும். “அவங்க தப்பா போட்டு வச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டு இட்லி டப்பாவைத் திறப்பார்.

நம்ம காலேஜ் பெண்கள் தோற்பதில் கெட்டிக்காரர்கள். வேறு நல்ல அணியைப் பார்க்கலாமே என்று கோமதி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஜெயிக்கிறவங்களுக்கு ஊரே கை தட்டும். தோக்கறவங்களுக்குத்தாண்டி ஆள் வேணும்.” கோமதி அதன் பிறகு எங்கள் எல்லாரையும்விடப் பெரிய ரசிகை ஆகிவிட்டாள். நடுவர் விசில் ஊதினால் அவள் திட்டுகிற திட்டுகளை இங்கே எழுத முடியாது.

ஆனால் அக்காவுக்குப் பார்ப்பது மட்டும் போதவில்லை. பார்க்கிறோம் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிய வேண்டும். அதுதான் அவருடைய பெரிய ஆசை. நேரலைக்குக் கீழே கருத்து எழுதலாம் என்று தெரிந்ததும் என் பிழைப்பு போயிற்று. அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் தட்ட வேண்டும். வர்ணனை செய்கிறவர்கள் அதே காலேஜில் படிக்கிற ஒரு பையனும் ஒரு பெண்ணும். இந்தியாவில், ஓடும் ரயிலில், பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்ற வரியை அந்தப் பையன் ஒன்றுக்கு இரண்டு முறை வாசித்தான். எவனோ விளையாடுகிறான் என்று நினைத்திருப்பான். அக்கா அடுத்ததைச் சொன்னார்:

“எழுதுடி. கேலரில முன் வரிசை காலியாத்தான் கெடக்குது. எங்களுக்கு ஒரு கர்ச்சீப் போட்டு வைங்கன்னு எழுது.”

கர்ச்சீப் எதற்கு என்று அந்தப் பெண் கேட்டாள். ஜன்னல் வழியாக வீசி இடம் பிடிக்கிற நம் வழக்கத்தை நான் விளக்கி எழுதினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இங்கே அதற்கு அவசியமே இல்லை, எத்தனை பேர் வந்தாலும் இடம் இருக்கிறது என்றார்கள். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“எடம் இல்லன்னு யாருடி சொன்னது? ஆள் வருதுன்னு அந்தப் பொண்ணுங்களுக்குத் தெரியணும், அதுக்குத்தான்.”

போன வருஷம் நடந்ததை விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் இன்றும் பேசுகிறார்கள். நம்ம காலேஜ் எப்படியோ தட்டுத்தடுமாறி நாக்அவுட் சுற்றுக்குள் நுழைந்துவிட்டது. அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே ஒரு ஃப்ளெக்ஸ். ஸ்டேஷன் எதிரே இருக்கிற டீக்கடையில் சொல்லி, கடை முகப்பில் கட்ட ஏற்பாடு. நடுவில் பச்சை பனியன் பெண்கள், கீழே முட்டை வடிவத்தில் எங்கள் எல்லாருடைய முகங்களும். என் முகம் வாக்காளர் அட்டையிலிருந்து எடுத்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எழுதிக் கொடுத்த வாசகம் ‘வாழ்த்துகிறோம்’. ஆனால் ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு வாடிக்கை எல்லாம் ஊருக்கு வருகிற தலைவர்கள்தான். கைப்பழக்கத்தில் மேலே பெரிதாக ‘வருக! வருக!’ என்று போட்டு, சனிக்கிழமை காலை என்று நேரமும் போட்டுவிட்டார். தன் போட்டோ நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்த அக்கா, தலைப்பைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை நாங்கள் ரயிலுக்குப் போனால் ஸ்டேஷன் வாசலில் கூட்டம். பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சர் ஒருவர் கூடைப்பந்து ஆடுகிற மாணவிகளைச் சீருடையோடு கூட்டி வந்திருந்தார். கையில் பெரிய சாமந்தி மாலை. ஆட்டோக்காரர்கள் வண்டிகளைத் துடைத்து வைத்திருந்தார்கள். எவரோ பேண்ட் செட்டுக்கும் சொல்லிவிட்டிருந்தார்கள்.

“கனடா டீமு எந்தப் பொட்டியில வர்றாங்கக்கா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

எனக்கு அப்படியே ரயிலடியில் விழுந்துவிடலாமா என்று இருந்தது. “பேஜாரா பூடுச்சுக்கா, வாங்க, ஜல்தியா வண்டி ஏறிடலாம்” என்று கோமதி அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா கையை உதறினார். ஃப்ளெக்ஸை ஒருமுறை நிமிர்ந்து படித்தார். பிறகு மண்டிக் குரலை எடுத்தார்.

“அவங்க வரல! தப்பு நம்ம பேர்ல! ஆனா இப்ப அங்க ஆடிக்கினு இருக்காங்க. அங்க பாக்க ஆளு இல்ல. இங்க இவ்ளோ பேரு சும்மா நிக்கிறீங்க. எல்லாரும் உள்ள வாங்க!”

டீக்கடை டிவியில் ஆட்டத்தைப் போட வைத்தார். எங்கள் ரயில் வந்தது, போயிற்று, ஒருத்தியும் ஏறவில்லை. பி.டி. டீச்சர் விதிகளைச் சொல்ல, பேண்ட் செட்டுக்காரர்கள் ஒவ்வொரு கூடைக்கும் மேளம் தட்ட, தெருவே நின்று பார்த்தது. கடைசி நிமிஷத்தில் ரெட்டைஜடை எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா டிவிக்குப் பக்கத்தில் போய், கடல் தாண்டிக் கேட்கும் என்பதுபோல் கத்தினார்.

“அழாதடி கண்ணு! நாங்க இருக்கோம்டி!”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த வாயோடு கை தட்டத் தொடங்கி வெகுநேரம் நிறுத்தவே இல்லை. மாலையை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. டிவிக்குப் போடப்போன ஆட்டோக்காரரை, “படத்துக்கு மாலை போட்டா அர்த்தமே வேறய்யா” என்று தடுத்து, மாணவிகள் கொண்டுவந்த பந்துக்குச் சுற்றினார் அக்கா. ஃப்ளெக்ஸுக்குக் கீழே எல்லாரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தோம். மாலை போட்ட பந்து நடுவில். அந்தப் படத்தை நம்ம காலேஜின் இணையப் பக்கத்துக்கு அனுப்பினேன்.

பதில் வரவில்லை. அந்த வருஷ ஆட்டம் முடிந்தது, வெயில் காலம் போயிற்று, மழையும் வந்தது. அக்கா தினமும் கர்ச்சீப் வீசிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததும் கேட்பார்: “என்னாடி, எதனா வந்துச்சா?” இல்லை என்பேன். “பரீட்சையா இருக்கும்” என்பார். ஒருநாள்கூட அவர்கள்மேல் வருத்தப்பட்டதில்லை. நான்தான் உள்ளுக்குள் அந்தப் பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை நாங்கள் பெட்டியில் ஆட்டத்தைப் போட்டோம். போட வேண்டாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கருத்துப் பகுதியில் நானே எழுதினேன். கர்ச்சீப் கேட்ட அக்கா இறந்துவிட்டார், அவர் பெயர் பிலோமினா, அவ்வளவுதான். வர்ணனைப் பெண் அதைப் படித்தாள். படித்துவிட்டு, மெதுவாக ஒன்று சொன்னாள். நான் பெட்டியில் எல்லாருக்கும் அதைத் தமிழில் சொன்னேன். மாலை போட்ட பந்தின் படம் வந்த அன்றே அதைப் பெரிதாக அச்செடுத்து வீராங்கனைகளின் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்களாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வெளியே வரும்போது ஒவ்வொருத்தியும் அதைத் தொட்டுவிட்டுத்தான் களத்துக்கு ஓடுகிறாளாம். நமக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்களாம். தடிச்சிகள்! ஒரு வரி எழுதக் கூடாதா? நான் வாய்விட்டுத் திட்டினேன். கோமதி அழுதாள். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த வாரம் ஆட்டம் தொடங்குவதற்கு முன் கேமரா கேலரிப் பக்கம் திரும்பியது. வழக்கம்போல் காலி நாற்காலிகள். ரெட்டைஜடை ஓடிவந்தாள். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, முன் வரிசையில் நட்டநடு நாற்காலியில் விரித்தாள். நான்கு முனையும் இழுத்துவிட்டாள். அவ்வளவு பெரிய அரங்கத்தில் அந்த ஒரு இடம் ஆள் பிடித்த இடமாகிவிட்டது. பெட்டி முழுக்க விசில். பேரணி வந்து சிக்னல் போனது. யாரும் கவலைப்படவில்லை, மீதியைக் கோமதி ஆடிக் காட்டினாள்.

அக்காவின் நீலக்கட்டம் போட்ட கர்ச்சீப் ஒன்று என்னிடம் இருக்கிறது. நாங்கள் சேர்ந்து ரயிலில் போன கடைசி நாளில் அவர் வீசி, எனக்கு இடம் கிடைத்தது. துவைத்துத் தருகிறேன் என்று எடுத்து வந்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். தினமும் காலையில் விழுப்புரத்தில் வண்டி நிற்பதற்கு முன் ஜன்னல் வழியாக வீசுகிறேன். யாருக்கு என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. வண்டி நகரும்போது யாரோ ஒருத்தி பையும் டப்பாவுமாக ஓடிவருவாள். நான் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு, “வா, ஒனக்குத்தான் எடம்” என்பேன்.