தையல் மாமியின் பெயர்

அவன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் வயது, ஊர், பல்வரிசை, பிடிபட்ட அன்று போட்டிருந்த சேட்டின் நிறம் எல்லாம் சொல்வார்கள். போதாதென்றால் இணையத்தில் தேடிக்கொள்ளுங்கள். என் பேனாவில் அவனுக்கு இடமில்லை.

போன மாதம் கொழும்பிலிருந்து இரண்டு பையன்கள் கமராவோடு வீடு தேடி வந்தார்கள். தொடர்கொலைகாரர்களைப் பற்றி வீடியோத் தொடர் செய்கிறார்களாம். அவன் சின்ன வயதில் தகப்பனிடம் அடி வாங்கியவனாம், அதிகம் பேசாதவனாம், பூனை வளர்த்தவனாம். அவன் மனதுக்குள் என்ன ஓடியிருக்கும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. "அக்கா, உங்க மாமாட ஓட்டோவுலதானே அவன் வந்திருக்கான்?" என்று கேட்டான் ஒருவன். தேத்தண்ணி கொடுத்தேன். அவனால் செத்த ஐந்து பெண்களின் பெயரையும் சொல்லுங்கள், பிறகு கதைப்போம் என்றேன். ஒருவன் போனைத் தடவினான், மற்றவன் அவன் முகத்தைப் பார்த்தான். வாசலைக் காட்டிவிட்டேன்.

எனக்கு அப்போது பத்து வயது. யுத்தம் முடிந்து, பாதையில் சோதனைச் சாவடிகள் எடுபட்ட புதிது. வெளியூர்க்காரர்கள் பாயும் பாத்திரமும் விற்கக் கொண்டு தாராளமாக வரத் தொடங்கியிருந்தார்கள். அவன் வந்தது தையல் மெஷின் திருத்துகிறவனாக. வீட்டில் தனியாக இருந்து தைக்கிற பெண்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள் அல்லவா? நாலு ஊரில் ஐந்து பேர். கடைசி ஆள் எங்கள் ஒழுங்கையில் இருந்த தையல் மாமி. என் பெருநாள் சட்டையின் ஒரு கை மட்டும் தைத்து முடித்திருந்தார்.

ஊர் ஒரு கிழமை அழுதது, அது உண்மை. பிறகு அவன் பிடிபட்டான். பத்திரிகையில் முழுப் பக்கத்துக்குப் படம் வந்தது. மறுநாளிலிருந்து அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்காத வீடே ஊரில் இல்லை என்றாகிவிட்டது. சாப்பாட்டுக் கடைக்காரர் அவன் இருந்த கதிரையைக் காட்டினார். அவனுடைய கண்ணைப் பார்த்ததும் தனக்கு விளங்கிவிட்டது என்று சலூன்காரர் சொன்னார். விளங்கியவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இவர்கள் எல்லோரையும் கதையில் விழுத்தியவர் என் மாமா, உம்மாவின் தம்பி. ஓட்டோ ஓட்டுகிறவர். கூரையில் ஒலிபெருக்கி கட்டி ஊர் அறிவித்தலும் செய்வார். கடைத் திறப்பு, கந்தூரிச் சாப்பாடு, மௌத்துச் செய்தி எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும். அவனை அக்கரைப்பற்றில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் சந்தியில் இறக்கிவிட்டவர் அவர்தான். அந்தப் பயணம் சொல்லச் சொல்ல நீண்டது. முதலில் அவன் வாயே திறக்கவில்லை. நோன்புப் பெருநாள் வருவதற்குள் பாட்டுப் பாடினான். ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் மாமாவின் கழுத்தைப் பின்னாலிருந்து உற்றுப் பார்க்கத் தொடங்கிவிட்டான். கதை எப்படி வளர்ந்தாலும் முடிவு மட்டும் மாறாது: "சந்தியில இறக்கின, அவன் அங்கால போயிட்டான், நான் இஞ்சால வந்திட்டன்."

பிள்ளைகள் அந்தப் பின் சீட்டில் ஒரு தரம் இருந்து பார்க்க வரிசையில் நிற்பார்கள். யார் முதலில், யார் பிறகு என்று தீர்மானிக்கிறவள் நான். அந்த நாட்களில் வகுப்பில் என் மதிப்பு எங்கேயோ இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

தையல் மாமிக்கு ஒரே மகள். என் வகுப்பு, ஒரே வாங்கில் என் பக்கத்தில் இருக்கிறவள், என் கூட்டாளி. அவளைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். கெட்ட எண்ணத்தோடுகூட இல்லை, அடையாளத்துக்கு. ஓடிப்பிடித்து விளையாடினாலும் அவனாக இருக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அவன் கொன்ற பெண்களாக இருக்க ஆளில்லாமல் விளையாட்டு நின்றுபோகும். "நீ இரி, ஒனக்குத்தான் தெரியும்" என்று ஒருநாள் அவளிடம் சொல்லிவிட்டார்கள். அதோடு அவள் வரவில்லை. நான் தேடிப்போனபோது கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னாள்: "நான் வரமாட்டன். அங்க எனக்குப் பேரில்ல."

அவளை வளர்த்தது அவளுடைய சாச்சி, தையல் மாமியின் தங்கை. அவள் உம்மாவின் வருடக் கத்தம் முடிந்த பிறகும் இவள் படலையைத் தாண்டாவிட்டால் தூரத்தில் ஒரு விடுதி மத்ரஸாவில் சேர்த்துவிடுவதாகச் சாச்சி முடிவுகட்டியிருந்தார். அங்கே போன பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு தடவைதான் ஊர் திரும்பும். இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளி அவள்தான்.

கத்தத்துக்கு ஊரை அழைக்கும் வேலை மாமாவிடம் வந்தது. இறந்தவருக்காக ஓதிச் சோறு கொடுக்கிற நாள், ஊர் தெரிந்தால்தானே ஊர் வரும்? குர்ஆன் படிக்கிற ஓதப்பள்ளி விட்டு வந்துகொண்டிருந்த என்னை மாமா வழியில் ஏற்றிக்கொண்டார். அவருக்கு அன்று ஒரு சிக்கல். எங்கள் ஊரில் பெண்பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்கிற வழக்கம் இல்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் உம்மா என்று ஓர் ஆணின் பெயரில் தொங்கவிட்டுச் சொல்வார்கள். அது மரியாதை என்று பெயர். தையல் மாமியை எதில் தொங்கவிடுவது? புருஷன் விட்டுவிட்டுப் போய் வேறு கலியாணம் முடித்துவிட்டார். ஆண்பிள்ளை இல்லை. வாப்பா முன்னமே மௌத்தாகிவிட்டார், ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது.

மாமா கெட்டிக்காரர். ஊருக்கு உடனே விளங்குகிற ஒரு ஆண் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். சென்ற வருடம்..." என்று தொடங்கி, கொலைகாரனின் பெயரைப் பட்டப்பெயரோடு முழுசாகச் சொல்லி, "...என்பவனால் கொல்லப்பட்ட சகோதரிக்கான வருடக் கத்தம் இன்று அஸர் தொழுகைக்குப் பின்" என்று முடித்தார். கடைத்தெருவில் அவன் பெயர் கேட்டதும் சனம் திரும்பிப் பார்த்தது. மாமாவின் குரலில் ஒரு மிடுக்கு ஏறியது. இரண்டாம் தரம் அந்தப் பெயரைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார்.

அப்படியே சொல்லிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினோம். தகர வேலிக்கு உள்ளே அவள் நின்றாள். கையில் கத்தத்துக்குக் கழுவிய கோப்பைகள். ஒலிபெருக்கி அவள் தலைக்கு நேரே கத்தியது. அவள் அழவில்லை. கோப்பைகளை ஒவ்வொன்றாக நிலத்தில் வைத்தாள். உள்ளே போகத் திரும்பினாள். இனி இவள் வரமாட்டாள், மத்ரஸாவுக்குத்தான் போவாள் என்று அந்த முதுகைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மாமாவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"இது சரியில்ல!" என்று கத்தினேன். ஒழுங்கை முழுக்க அது மோதித் திரும்பியது. "இது அவன்ட கத்தமில்ல! இது..."

அதோடு நின்றேன். இது யாருடைய கத்தம்? எனக்குத் தெரியாது. நாலு வருடம் எனக்குச் சட்டை தைத்தவர், ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னைச் சுற்றித் திருப்பியவர், மிச்சத் துணியில் என் பொம்மைக்கும் தைத்துத் தந்தவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவன் பெயர் தெரியும், அவன் பூனையின் பெயர்கூடப் பத்திரிகையில் வந்ததால் தெரியும். என் மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. என்மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

"புள்ள, மைக்க தா. என்ன வேல பாக்கிறாய்?" மாமா கையை நீட்டினார். நான் வெளியே குதித்தேன்.

"ஒங்கட உம்மாட பேரென்ன?" என்று வேலியைப் பார்த்துக் கேட்டேன். அதுவும் மைக்கில்தான் போனது.

அவள் திரும்பினாள். அவளிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை போலும். மைக்கை அவள் பக்கம் நீட்டினேன். வயர் எட்டவில்லை. இழுத்துப் பார்த்தேன், வேலிக்கு நாலடி இருக்கும்போதே இறுகி நின்றுவிட்டது. அதற்கு மேல் என்னால் போக முடியாது, அவள்தான் வர வேண்டும். பக்கத்து வேலிகளில் தலைகள் முளைத்துவிட்டன. "உள்ள போ மகள்" என்று சாச்சி குசினியிலிருந்து சத்தம் போட்டார்.

அவள் படலையைத் திறந்தாள். வெறுங்காலோடு மணலில் நடந்து வந்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஆதம்பாவா சுலைஹா" என்றாள். பிறகு இன்னும் பலமாக, "எங்கட உம்மாட பேரு சுலைஹா. அஸருக்குப் பொறகு கத்தம். எல்லாரும் வாங்க."

பள்ளிவாசல் பக்கமிருந்து ஒரு பெரியவர் வேகமாக வந்தார். பொம்பிளைப் பெயரைத் தெருவில் கூவுவதா என்று மாமாவை ஏசினார். என் உம்மா ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்தார். அடித்த கையாலேயே என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சாச்சி படலையில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் யாரையும் பார்க்கவில்லை. நான் மற்றப் பக்கம் ஏறச் சொன்னதும் ஓட்டோவில் ஏறினாள். ஊரெல்லாம் பதறிப் பதறி இருந்து பார்த்த அந்தப் பின் சீட்டில் கால்களை ஆட்டிக்கொண்டு இருந்தாள். "போங்க மாமா" என்றேன். மாமா போனார். சந்திவரை, கடற்கரை வீதி வரை, அவளும் நானும் மாறி மாறிச் சொன்னோம். பெரியவர் ஏசியது ஏசியபடி இருக்கட்டும். அடுத்த திங்கட்கிழமை அவள் என் வாங்கில் இருந்தாள்.

நான் இப்போது ஆசிரியை. இடாப்பு வாசிக்கும்போது பிள்ளைகளின் முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். நேரம் போகிறது என்று அதிபர் முறைப்பார். முறைக்கட்டும்.

ஆனால் அன்று எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. அவளை வீட்டில் இறக்கிவிட்டு வரும்போது மாமா எங்கள் வாசலில் ஓட்டோவை நிறுத்தினார். இறங்கவில்லை. கைகளை ஹேண்டிலில் வைத்தபடியே சொன்னார்:

"சந்தியில இறக்கல்ல புள்ள. மெஷின் வெச்சிரிக்கிற வீடு இரிக்கா எண்டு கேட்டான். சுலைஹாட வீட்டு வாசல்லதான் இறக்கின. இந்தக் கையாலதான் படலையக் காட்டின."

எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவும் நடந்த பிறகும் இவருக்குக் கதையில் இன்னொரு துண்டு சேர்க்க வேண்டியிருக்கிறதே!

"புளுகாதீங்க மாமா" என்றேன்.

"ஓம் புள்ள" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு அவன் கதையை மாமா சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அந்தப் பின் சீட்டைக் கழற்றி, கடற்கரைக்குச் சுமந்துபோய் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். நானும் கூடப் போயிருந்தேன். மணலில் குந்தியவர் புகை போய் முடியும்வரை எழும்பவில்லை, தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. புகை கண்ணில் பட்டுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். புதுச் சீட்டைச் சிவப்பில் போடச் சொல்லி அவர் சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றேன்.