சுவருக்கு அந்தப் பக்கத்துப் பூண்டு

தெய்வநாயகிக்குப் பொறாமை பசி மாதிரி. வேளா வேளைக்கு வரும். நேரில் சொன்னால் அடிக்க வருவாள். எதிர்வீட்டுக்காரி என்கிற உரிமையில் இங்கே சொல்கிறேன். ஆரணியில் எங்கள் தெருவில் பட்டு நெய்வதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. பார்டரில் ஓர் இழை பிசகாது. ஆனால் கை தறியில் இருக்கும்போதே காது பக்கத்து வீட்டில் இருக்கும்.

பக்கத்து வீடு அவள் ஓரகத்தி விருத்தாம்பாளுடையது. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டபோது பின்தோட்டத்தின் நடுவில் மார்பளவுக்கு ஒரு சுவர் எழுப்பினார்கள். விருத்தாம்பாள் மிக்ஸி வாங்கினால் இங்கே கிரைண்டர் வரும். அங்கே கறிவேப்பிலைக் கன்று வைத்தால் இங்கே முருங்கை. இதெல்லாம் மேலுக்கு. உள்ளே எரிந்தது வேறு. விருத்தாம்பாளுக்குக் குழந்தை இல்லை. தெய்வநாயகியின் ஒரே மகள் சுகன்யா அவள் மடியில்தான் வளர்ந்தாள். தெய்வநாயகி தறியில் உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்பாள். விருத்தாம்பாள் தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிறவள். ஒரு கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டே பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் சுகன்யா முதலில் நுழைவது பெரியம்மா வீடுதான். பெற்றவளுக்கு அது ஆறாத புண்.

தொண்ணூற்றேழில் சுகன்யா உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம், தாய் வீட்டில்தான். கார்த்திகை மாதம் ஒருநாள் விருத்தாம்பாள் தன் பக்கம் பாத்தி கட்டி எதையோ ஊன்றிக்கொண்டிருந்தாள். தெய்வநாயகி சுவரோரம் போய் நின்றாள்.

"இன்னாக்கா நடுற?"

"பூண்டுடி. நம்ம சுகன்யாவுக்குப் பத்தியக் கொழம்புக்கு ஆவும். கடப் பூண்டுல இன்னா இருக்குது, வெறும் தோலு."

அந்த 'நம்ம' என்ற சொல் தெய்வநாயகிக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. என் மகள் பிரசவத்துக்கு இவள் பூண்டா?

இந்த ஊர் வெயிலுக்குப் பூண்டு வராது என்று சொல்லிப் பார்த்தாள். வரவில்லை என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். மார்கழிப் பனியில் அது பச்சைப் பசேலென்று எழுந்து நின்றது. பொறுக்க முடியாமல் புருஷன் தனகோடியைப் போளூர்ச் சந்தைக்கு விரட்டி மலைப்பூண்டு வாங்கிவரச் சொன்னாள். தை பிறக்கிற சமயத்தில் நட்டாள். நட்ட கையோடு தெருவுக்கே கேட்கிற மாதிரி சபதமும் போட்டாள்.

"எம் பொண்ணு என் தோட்டத்துப் பூண்டுதான் துன்னுவா. வேற பூண்டு என் வாசப்படி தாண்டாது."

மாசியில் விருத்தாம்பாளின் பூண்டுத்தாள் பழுக்க ஆரம்பித்தது. அவள் தாள்களை மடக்கி, பட்டும் படாமல் ஒரு முடிச்சுப் போட்டு விட்டாள். அப்படிச் செய்தால் சத்தெல்லாம் கிழங்குக்கு இறங்கும் என்பார்கள். தெய்வநாயகி சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலமே தன் பாத்தியிலும் முடிச்சுப் போட உட்கார்ந்தாள். நெசவுக்காரி கை அல்லவா? அறுந்த இழையை முடிகிற மாதிரி, ஜென்மத்துக்கும் அவிழாதபடி ஒவ்வொரு தாளையும் இறுக்கி முடிந்தாள். அவளுடையது பின்னால் நட்டது, இன்னும் பச்சைக் குருத்து. முடிச்சுக்கு மேலே எல்லாம் கருகிப்போனது.

பங்குனியில் தோண்டினால் பல் பிரியாத ஒற்றை உருண்டைகள்.

"இதுக்கு சுண்டக்கா வத்தலே போட்டிருக்கலாம்" என்றார் தனகோடி. அன்று அவருக்குச் சோறு தாமதமாகத்தான் கிடைத்தது.

பெண் குழந்தை பிறந்தது. பார்க்க ஓடிவந்த விருத்தாம்பாளைத் தெய்வநாயகி வாசலோடு நிறுத்தினாள். "தீட்டு கழியட்டும்கா." தீட்டுக் கழிந்த பிறகும் சாக்குக்குப் பஞ்சமில்லை. பிள்ளை பெறாதவள் கண் பட்டுவிடும் என்று வாயால் சொல்லவில்லை. விருத்தாம்பாள் தலை தெரிந்தால் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடினாள். சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அந்த உருண்டைப் பூண்டு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. சுகன்யாவுக்குப் பால் போதவில்லை, குழந்தை ஓயாமல் அழுதது. சபதத்தை விழுங்கிக்கொண்டு கடைப் பூண்டு வாங்கிக் குழம்பு வைத்தாள். சுகன்யா ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"பெரியம்மா வூட்டுப் பூண்டு வாசன இங்க வரைக்கும் வருது. கேட்டாதான் இன்னாவாம்? உன் வீம்புக்கு எங் கொயந்த பட்டினி கெடக்கணுமா?"

தெய்வநாயகி சுவரோரம் போனாள். அந்தப் பக்கம் கூரை இறவாணத்தில் பூண்டுச் சரம் தொங்கியது.

"அக்கா, கொஞ்சம் பூண்டு குடு."

அதன் கீழே உட்கார்ந்திருந்த விருத்தாம்பாள் ராட்டையை நிறுத்தவில்லை. "சரத்தோட எடுத்துக்கோ. ஆனா நாளைக்குக் கொயந்தய நான்தான் குளிப்பாட்டுவேன்."

"உனுக்கு அதெல்லாம் பழக்கமில்லியேக்கா."

"உம் பொண்ணை யாருடி குளிப்பாட்டுனது?"

தெய்வநாயகி சுவருக்கு மேலாகக் கையை நீட்டினாள். சரத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் நான் சாம்பிராணி போடப் போயிருந்தேன். விருத்தாம்பாள் பின்தோட்டத்தில் மணையில் உட்கார்ந்து காலை நீட்டிக் குழந்தையைப் படுக்கவைத்தாள். தெய்வநாயகி கையில் தெருவே கேட்க வீறிடுகிற குழந்தை அங்கே கண்ணை மூடிக்கொண்டு சொக்கிக் கிடந்தது. "பாரும்மா, இன்னா சொகம் அதுக்கு!" என்று சுகன்யா சிரித்தாள். தெய்வநாயகி ஆறிப்போகாத வெந்நீரை ஆறிப்போச்சு என்று சொல்லி உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

பூண்டு வேலை செய்தது. பால் ஊறியது. பேச்சு ஒரு நாளைக்குத்தான் என்பதால் அடுத்த நாள் காலை தெய்வநாயகியே மணையில் உட்கார்ந்தாள். அன்றும் சாம்பிராணி போட நான் போயிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் விருத்தாம்பாள் வந்து நின்றாள், கூப்பிடாமல் வரக்கூடாது என்று. முதல் சொம்புக்கே குழந்தை வீறிட்டது. தட்டினாள், கொஞ்சினாள், பாட்டுப் பாடினாள். அழுது அழுது அதன் உதடு நடுங்கியது. சுகன்யா அம்மாவையே பார்த்தாள்.

"இன்னாக்கா, மரமாட்டம் நின்னுகினு வேடிக்க பாக்கற? ஜல்தியா வா!"

விருத்தாம்பாள் செருப்பைக்கூடப் போடாமல் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். தெய்வநாயகி குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு மணையை விட்டு எழுந்தாள். அழுகை நின்றது. நான் தெய்வநாயகியின் முகத்தைப் பார்த்தேன். வயிறு எரிகிற முகம்தான், இம்மியும் குறையவில்லை. வெந்நீரைத் தன் முழங்கையில் விட்டுச் சூடு பார்த்துவிட்டு, ஓரகத்தியின் காலில் கிடந்த குழந்தைக்கு மெதுவாக ஊற்றினாள்.