ஃபோர் எய்ட்டி சிக்ஸ் யோசித்த நேரம்

போன வாரம் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். வீட்டில் இருந்த பழைய பெட்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இரண்டு சின்ன அட்டைப் பெட்டிகளை என் முன்னால் வைத்தாள். இரண்டும் பிராசஸர்.

"சார், கேமிங்குக்கா, வொர்க்குக்கா? கேம்னா இது போதும். டிராயிங், டிசைன்னு ஹெவியா பண்றீங்கன்னா அது எடுங்க."

சொல்லிக்கொண்டே ஒன்றைத் திறந்தாள். புது எலக்ட்ரானிக் சாமானுக்கென்று ஒரு வாசனை உண்டே, பிளாஸ்டிக்கும் சூடான பசையும் கலந்தது, அது மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"இதுல எதும்மா மெதுவா ஓடும்?"

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கிழத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்குள் வேறொருவர் வந்து பிரிண்டர் மை கேட்க, "ஒரு நிமிஷம் சார்" என்று உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு நிமிஷத்தில் நான் எங்கே போய்விட்டு வந்தேன் என்று உங்களிடம் சொல்ல வேண்டும். கொஞ்சம் சுற்றித்தான் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மண்ணூர்பேட்டையை ஒட்டி ஒரு டூல் ரூம். தகட்டை வெட்டவும் வளைக்கவும் தேவையான அச்சுகளைச் செய்கிற பட்டறை. நான் விருத்தாசலத்திலிருந்து, அச்சுகளுக்குப் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு வந்து சேர்ந்தேன். கீழே லேத்தும் மில்லிங்கும் கத்திக்கொண்டிருக்க, மாடியில் எங்களுக்கு ஒரு கண்ணாடி அறை. கம்ப்யூட்டர் அறை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதலாளியும் அப்படித்தான், கஸ்டமரும் அப்படித்தான். உள்ளே ஏசி ஓடும். அந்தக் குளிர் எங்களுக்காக இல்லை, மிஷினுக்காக. அதில் எனக்கொன்றும் வருத்தமில்லை. மண்ணூர்பேட்டையில் நான் குடியிருந்த அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ்.

அறை என்றதும் வெள்ளிக்கிழமை ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்தில் மின்சாரத்தைச் சமாளிக்க ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நாள் வார விடுமுறை வைத்திருந்தார்கள். எங்கள் பட்டறைக்கு வெள்ளி. ஊர் உலகமெல்லாம் வேலைக்கு ஓடுகிற நாளில் நான் மட்டும் சட்டையில்லாமல் கட்டிலில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில வெள்ளிக்கிழமைகளில், மத்தியானம் மெஸ்ஸில் "சாம்பார்" என்று கேட்பதுதான் அன்றைக்கு என் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. அதற்கப்புறம் "மோர்". அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது. சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு அழுகை அழுகையாக வரும்.

மற்ற ஆறு நாளும் எனக்கு டில்லி இருந்தான்.

டில்லி மண்ணூர்பேட்டைக்காரன். என் பக்கத்து நாற்காலி. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஃபோர் எய்ட்டி சிக்ஸ் என்கிற அந்தக் காலத்து ரகம். ஒருவன் வரைவான், மற்றவன் பக்கத்தில் காகிதத்தை வைத்து அளவு சரிபார்ப்பான். பிறகு இடம் மாறிக்கொள்வோம். பெட்டியின் நெற்றியில் அதன் வேகம் சிவப்பில் 66 என்று எரியும். பக்கத்தில் 'டர்போ' என்று ஒரு பொத்தான். "இந்தப் பட்டறை நிக்கிற எடத்துல எங்க நைனா நாத்து நட்டுகினு இருந்தாரு மச்சான். நான் குளுகுளுன்னு பொட்டி தட்டிகினு கீறேன். அவராண்ட சொன்னா நம்ப மாட்றாரு" என்பான். பெருமைதான். ஆனாலும் அவன் அப்பா ஒருமுறை சாப்பாடு கொண்டுவந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டும் உள்ளே வராமல் கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

இந்த ஃபோர் எய்ட்டி சிக்ஸுக்கு ஒரு குணம். பெரிய அச்சின் படத்தைத் திறந்து, மொத்தத்தையும் திரும்ப வரையச் சொன்னால், திரை கறுப்பாகிவிடும். பிறகு ஓரத்திலிருந்து ஒவ்வொரு கோடாக, வாசலில் யாரோ நிதானமாகக் கோலம் போடுவதுபோல, வரைந்துகொண்டு வரும். கீபோர்டைத் தட்டினாலும் கேட்காது. முதல் தடவை இப்படி ஆனபோது கெடுத்துவிட்டேன் என்று வெலவெலத்துப்போனேன். டில்லி என் தோளைத் தட்டினான்.

"ஒண்ணும் ஆவல. யோசிக்குது. வா மச்சான்."

எங்கே வா? எதிரில் இருந்த டீக்கடைக்கு. அதுதான் எங்கள் அறையின் வழக்கம். படத்தை வரையச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவோம். டீயும் ஒரு பொறை பிஸ்கட்டும் முடித்துத் திரும்பினால் கடைசிக் கோடு விழுந்துகொண்டிருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அந்த மிஷினைப்போல மனுஷனை மதித்த மிஷினை நான் பார்த்ததில்லை. டீ நேரத்தில்தான் பேச்செல்லாம். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்ப்பது, கிரிக்கெட், எங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி. என் ஊரில் அம்மாவுக்கு வலி என்று சென்னையில் ஒரு மனிதனுக்குத் தெரிந்திருந்தது என்றால், அது அந்த மிஷின் யோசித்ததால்தான்.

சாப்பாட்டு வேளையில் அதிலேயே ஒரு கார் ரேஸ் விளையாடுவோம். விளையாட்டிலும் அதே நிதானம். வளைவு வந்தால் மரங்கள் தத்தித் தத்தி வரும், கார் ஒரு கணம் உறைந்து நிற்கும், பிறகு பார்த்தால் பள்ளத்தில் கிடக்கும். அதில் இரண்டு பேர் போட்டி போடவும் வழி உண்டு. ஆனால் அதற்கு இரண்டு கம்ப்யூட்டர் வேண்டும், நடுவில் ஒரு கேபிள் வேண்டும். விளையாட்டு தொடங்கும்போதெல்லாம் 'ஒருவரா, இருவரா' என்று திரை கேட்கும். நாங்கள் இருவர் உட்கார்ந்துகொண்டு 'ஒருவர்' என்று அழுத்துவோம்.

அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர் விற்கிறவர் ஒருவர், அப்போது புதிதாக வந்திருந்த பென்டியம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, "ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க" என்று வைத்துவிட்டுப் போனார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே படத்தை இரண்டிலும் திறந்தோம். நான் இதில், அவன் அதில். "ரெடி, ஒன், டூ, த்ரீ." என் திரை கறுப்பாகி முதல் கோடு போடுவதற்குள் அவனுடையது முழுப் படத்தையும் காட்டிவிட்டுச் சும்மா நின்றது. "அய்யய்யோ!" என்றான் டில்லி. கார் ரேஸைப் போட்டுப் பார்த்தோம். மரங்கள் வழுக்கிக்கொண்டு போயின. வேலைக்கும் அதுதான், விளையாட்டுக்கும் அதுதான், சந்தேகமே இல்லை. இப்போது இணையத்தில் பட்டை பட்டையாகப் படம் போட்டு ஒப்பிடுகிறார்களே, அந்த ஒப்பீட்டை நாங்கள் வெறும் வாயால் செய்து முடித்தோம்.

எங்கள் கணக்கு வேறு. பென்டியம் வந்தால் பழையதும் அங்கேயே இருக்கும். இரண்டு பெட்டி, இரண்டு நாற்காலி, நடுவில் கேபிள். அதற்காகத்தான் முதலாளியை எப்படியாவது வாங்க வைத்துவிட வேண்டும் என்று துடித்தோம். அவர் மேலே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கை வைத்து இரண்டையும் பார்த்தார். "இதுல அப்படி என்னப்பா விசேஷம்?" என்றார்.

டில்லி நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருக்க வேண்டும். "சார், இது ஒண்ணு இருந்தா ரெண்டு ஆள் வேலைய ஒரே ஆளு முடிச்சுடலாம் சார்!" என்றான். நானும் பலமாகத் தலையாட்டினேன். முதலாளி வாங்கிவிட்டார்.

பெட்டி வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். டில்லி ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து, அவனே ஈயம் பற்றவைத்து ஒரு கேபிள் செய்திருந்தான். அறையெல்லாம் ஈயப் புகை வாசனை. மறுநாள் பூஜை முடிந்து எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு போனதும் முதல் ரேஸ் என்று பேசி வைத்தோம்.

ஆனால் பூஜையன்று லேத்துக்குச் சந்தனம் வைத்த கையோடு முதலாளி மாடிக்கு வந்து இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தார். இரண்டு கீபோர்டு மேலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். டில்லியின் கை பொத்தானை நோக்கிப் போனதைப் பார்த்துவிட்டார்.

"இன்னிக்குத் தொடக் கூடாதுப்பா. இதுவும் ஆயுதம்தானே? நாளைக்குக் காலையில விஜயதசமி, அப்ப போடு."

அவர் இறங்கியதும் டில்லி எலுமிச்சம்பழத்தைச் சரியாக நடுவில் நகர்த்தி வைத்தான். கேபிளை இரண்டு பெட்டியிலும் செருகிவிட்டான். "நாளிக்கி ஓட்டலாம் வுடு மச்சான். எங்க ஓடிடப் போவுது?"

மறுநாள் நான் போனபோது கேட்டில் வேன் நின்றது. முதலாளி நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "டில்லி, இன்னிக்கு நல்ல நாள். திருமழிசையில நம்ம புது யூனிட் இருக்கில்ல, அங்க டிராயிங் வேலைய இன்னிக்கே ஆரம்பிச்சுடுவோம். நீதான சொன்ன, புதுசுல ஒரே ஆள் ரெண்டு பேர் வேலைய பாக்கலாம்னு? பழசை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. அங்க நீதான் இன்சார்ஜ்."

இன்சார்ஜ்! அவன் வீட்டில் கேட்டால் துள்ளிக் குதிப்பார்கள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வான்? நெற்றியில் சந்தனம் காய்ந்துபோன ஃபோர் எய்ட்டி சிக்ஸை நாங்கள் இருவரும்தான் தூக்கிக்கொண்டு படி இறங்கினோம். "இன்னா மச்சான் இப்டி ஆயிப்போச்சி" என்றான், பாதிப் படியில். வேனில் ஏற்றியதும், அதன் முதுகில் தொங்கிக்கொண்டிருந்த கேபிளைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "இது உன்னாண்டயே இருக்கட்டும். லீவு அன்னிக்கி பாத்துக்கலாம்."

லீவு! திருமழிசை யூனிட்டுக்கு வார விடுமுறை திங்கட்கிழமை.

அதற்கப்புறம் மாடி அறையில் நானும் பென்டியமும் ஏசியும்தான். படத்தை வரையச் சொன்னால் விரலை எடுப்பதற்குள் முடித்துவிட்டு 'அடுத்தது என்ன' என்று நிற்கும். டீக்கடைக்குப் போக ஒரு காரணமும் கிடைக்காது. ஒரு நாள் சும்மாவே எழுந்து போய்க் குடித்தேன். கடைக்காரர் பழக்கத்தில் இரண்டு கிளாஸ் வைத்துவிட்டார். கார் ரேஸும் போட்டுப் பார்த்தேன். 'ஒருவரா, இருவரா' என்று கேட்டது. அணைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் பஸ் பிடித்தேன். வேலப்பன்சாவடி தாண்டி, பூந்தமல்லியில் மாறி, திருமழிசை. எனக்கு லீவு, அவனுக்கு வேலை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிடும். "வந்துட்டியா? இரு, இரு" என்று இருக்கிறதிலேயே பெரிய படமாகத் தேடித் திறந்து, திரும்ப வரையச் சொல்லிவிட்டு வெளியே வருவான். "யோசிக்குது. வா." அங்கேயும் ஒரு டீக்கடை இருந்தது. ஒரு மிஷின் மெதுவாக ஓடுவதற்காகச் சாமி கும்பிட்ட ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சில மாதங்கள் அப்படிப் போயின. ஒரு வெள்ளிக்கிழமை போனபோது அவன் மேசையிலும் பென்டியம். பழையதை எங்கேயோ மூலையில் போட்டுவிட்டார்களாம். டில்லி திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கை மட்டும் நிற்கவில்லை.

"டக்கு டக்குனு முடிஞ்சிடுது மச்சான். ஒண்ண முடிக்கறதுக்குள்ள அடுத்தத கொண்டாந்து வெச்சிடறாங்கோ. கொஞ்சம் குந்து, இதோ வந்துடறேன்."

ஸ்டூலில் குந்தினேன். அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படம், இன்னொரு படம், அதற்கடுத்த படம். "இதோ, இதோ" என்று நடுநடுவே சொன்னான், பொய்யில்லை, மனதாரத்தான் சொன்னான். பொழுது சாயும் நேரத்தில், "சரி டில்லி, பஸ்ஸு போயிடும்" என்று எழுந்தேன். பூந்தமல்லி வருகிறவரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயம்.

சண்டை எதுவும் இல்லை. போவது குறைந்தது, அவ்வளவுதான். அவன் கல்யாணத்துக்குப் போனேன், மேடையில் கையைப் பிடித்துக்கொண்டு, "கேபிள் வெச்சினு கீறியா?" என்று கேட்டான். பிறகு எனக்கு வேறு வேலை, வேறு ஊர். நான் அம்பத்தூருக்கே திரும்பிவந்தபோது டூல் ரூம் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நின்றது. எதிரே டீக்கடையும் இல்லை. கேபிள் இன்னும் என்னிடம் இருக்கிறது, இப்போதைய எந்தப் பெட்டியிலும் அதைச் செருக ஓட்டை கிடையாது. டில்லி எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

கடைப் பெண் திரும்பி வந்தாள். என் கேள்வியை மறக்கவில்லை, பாவம். உள்ளே யாரிடமோ விசாரித்துவிட்டே வந்திருந்தாள்.

"சாரி சார். மெதுவா ஓடுறது இப்போ வர்றதே இல்ல."