அம்மா கன்னத்து வெல்லம்

இன்னைக்கு அம்மாவைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இடதுபக்கக் கடைவாய்ல நாலு பல்லும் சொத்தை. வலதுபக்கம் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு.

"சின்னப்பிள்ளை மாதிரி மிட்டாய் தின்பீங்களோ?"ன்னு டாக்டர் சிரிச்சார்.

அம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு. "மிட்டாய் இல்ல சார், வெல்லம். பட்டாசுக் கம்பெனில மருந்து அடைக்கேன். தூசி தொண்டைல தங்கக்கூடாதுன்னு காலைல ஒரு கட்டி தாராக. கொஞ்சங்கொஞ்சமா கடிச்சு, சாயங்காலம் வரைக்கும் இந்தக் கன்னத்துலதான் ஒதுக்கி வச்சிருப்பேன்."

"நாள் பூரா இனிப்பு ஊறுனா பல் அரிக்கத்தான் செய்யும். சாப்பாட்டோட தின்னுட்டு வாய் கொப்பளிங்க. தூசியை வெல்லம் தடுக்காதும்மா. மாஸ்க் போடணும்."

"அதைத்தான் ரெண்டு சீசனா கேக்கேன். மாஸ்க் கேட்டா வெல்லத்தை நீட்டுதாக."

ஒரு பல்லைப் பிடுங்கியாச்சு. அம்மா அதைக் கேட்டு வாங்கி, தாள்ல மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா.

"எதுக்கும்மா?"ன்னேன். வாய்ல பஞ்சு இருந்தும் தெளிவாத்தான் சொன்னா:

"நாளைக்குப் போர்மேன் வெல்லம் குடுக்க கையை நீட்டுவார்ல, அந்தக் கையில வைக்கப்போறேன். இன்னும் மூணு இருக்கு, மாஸ்க் எப்ப வருதுன்னு கேப்பேன்."

உங்க வீட்டு ஆளுகளுக்குக் கம்பெனில என்ன குடுக்காக, மாஸ்க்கா வெல்லமா? பல்லு மிச்சமிருக்கிறவுக சொல்லுங்க.